நலமானவர் பதினேழு

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ‘நிதானம்’ என்று பெயர். யார் வைத்தது என்று யாருக்கும் நினைவில்லை. பதினாறு வருடமாக ஒரே மேசை, ஒரே முக்காலி, ஜன்னலுக்கு முதுகு. மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் போட்டு முடிக்கிற தட்டை அவள் ஒன்றரை மணி நேரம் போடுவாள். ஆனால் மற்றவர்கள் போட்டதில் நாலுக்கு ஒன்றை மறுபடி போடவேண்டி வரும். அவள் போட்டதை மறுபடி போட்டதாகச் சரித்திரமே கிடையாது. புதிதாகச் சேருகிறவர்களிடம் பேராசிரியை முதல் நாளே சொல்லிவிடுவார்: “எண்ணு சரியா வரலைன்னா முதல்ல உங்க கையைச் சந்தேகப்படுங்க. நிதானம் போட்டதா இருந்தா மட்டும் மெஷினைச் சந்தேகப்படுங்க.”

தட்டு என்றால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு. எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு குழி. ஒவ்வொரு குழியிலும் யாரோ ஒரு மனுஷியின் ரத்தத்திலிருந்தோ வயிற்றுக்குள்ளிருந்தோ எடுத்த நீர், இரண்டு சொட்டு. அதன்மேல் மருந்து விட்டு, கழுவி, மறுபடி விட்டு, மறுபடி கழுவி, கடைசியில் ஒரு நீர் விட்டால் குழிகள் நீலமாகும். அமிலம் சேர்த்ததும் நீலம் மஞ்சளாக மாறும். மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ, தேடுகிற பொருள் அவ்வளவு இருக்கிறது என்று அர்த்தம்.

அவர்கள் தேடியது சைட்டோகைன் என்கிற சமிக்ஞை மூலக்கூறுகளை. உடம்பின் காவல் அணுக்கள் ஒன்றையொன்று கூப்பிடுகிற குரல் அவை. கருப்பைக்குள் மாதாமாதம் வளர்ந்து உதிர வேண்டிய சதைப் படலம் சில பெண்களுக்கு வெளியே, சூலகத்திலும் குடலிலும் வயிற்றின் உள்சுவரிலும் ஒட்டிக்கொண்டு வளர்கிறது. எண்டோமெட்ரியோசிஸ் என்கிறார்கள். காவல் அணுக்கள் வந்து அதைத் துப்புரவு செய்துவிட்டுப் போகவேண்டும். அதுதான் அவற்றின் வேலை. ஏனோ இந்த இடத்தில் அவை வேலையைச் செய்யாமல் கூப்பாடு மட்டும் போடுகின்றன. கூப்பாடு கேட்டு மேலும் அணுக்கள் வருகின்றன. வந்தவையும் கூவுகின்றன. கேட்டுப் புது ரத்தக் குழாய்கள் முளைத்து, அந்தச் சதைக்கே தீனி போடுகின்றன. நரம்புகளும் முளைக்கின்றன. பிறகு வலிக்காமல் என்ன செய்யும்?

இதையெல்லாம் அவள் ஒருநாள் கணவனுக்குச் சொன்னாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். கேட்டுவிட்டு, “அலாரம் பட்டன் உள்ள சிக்கிக்கிட்டா இப்படித்தான் ஆகும். சத்தம் கேட்டு ஊரே ஓடிவரும். வந்த கூட்டம் கதவை மறிச்சுக்கிட்டு நிக்கும். உள்ள இருக்கிறவன் வெளிய வரவே முடியாது,” என்றான். அவள் சிரித்தாள். நாங்கள் ஒன்பது வருடமாகப் படிப்பதை நீங்கள் நாலு வரியில் முடித்துவிட்டீர்களே என்று கிண்டல் செய்தாள்.

அப்போது அவள் தரையில் படுத்திருந்தாள். குளியலறைத் தரையில். வலி வந்தால் அந்த ஓடுகளின் குளிர்ச்சி அடிவயிற்றுக்கு இதமாக இருக்கும். அவன் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தான். மாதத்தில் இரண்டு நாள் அந்த வீட்டில் அது வழக்கம். அந்தப் பேச்சுக்கும் அந்தத் தரைக்கும் ஒரு சம்பந்தம் இருக்கலாம் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

கேட்பவர்களுக்கு நம்ப முடியாது. நோயின் பெயரை நாள்தோறும் ட்யூபில் எழுதி ஒட்டுகிறவளுக்கு இது தெரியாதா? தெரியாது. அவளிடம் வருவது ட்யூப்கள். ட்யூப்களுக்கு முகம் இல்லை. அவள் மனதில் அந்த நோயாளிகள் சுருண்டு விழுந்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்கள். அவள் தன் காலால் நடந்து வேலைக்கு வருகிறவள். மூன்று மாத்திரையை ஒன்றாக விழுங்கிவிட்டு வருகிறாள் என்பது வேறு விஷயம்.

போகாத டாக்டர் இல்லை. இருபத்திரண்டு வயதில் ஒருவர், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார். ஆனது. இருபத்தொன்பதில் இன்னொருவர், ஒரு குழந்தை பிறந்தால் சரியாகிவிடும் என்றார். பிறக்கவில்லை. மூன்றாமவர் வயிற்றுப் புண் என்று மருந்து கொடுத்தார். அதோடு அவள் போவதை நிறுத்திவிட்டாள். அவளுடைய அம்மா அவளுக்குப் பதினான்கு வயதிலிருந்து சொல்லி வந்தது ஒரே வார்த்தைதான். “எல்லாருக்கும் இருக்கிறதுதான்டி. நீ மட்டும் என்ன அதிசயமாப் பொறந்துட்டியா?” அம்மா இப்போது அவர்களோடுதான் இருந்தாள். அந்த இரண்டு நாளும் சமையலறையில் பாத்திரங்களைச் சற்றே பலமாக உருட்டுவாள்.

அந்த வருடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. நோயுள்ள அறுபது பெண்கள், நோயில்லாத அறுபது பெண்கள். இரு தரப்பு ரத்தத்திலும் சமிக்ஞை மூலக்கூறுகளை அளந்து ஒப்பிட வேண்டும். நோயுள்ளவர்கள் கிடைத்துவிட்டார்கள். நலமானவர்கள்தான் கிடைக்கவில்லை. ஊசி என்றதும் நலமானவர்களுக்கெல்லாம் அவசர வேலை வந்துவிடுகிறது. ஆய்வு மாணவிதான் ஆள்பிடிக்க அலைந்தாள். அவளுடைய பட்டமே இந்த ஆய்வை நம்பி இருந்தது. ஒருநாள் மதியம் ஊசியும் ட்யூபுமாக முக்காலி அருகில் வந்து நின்றாள்.

“அக்கா, நீங்க குடுத்துடுங்கக்கா. வயசும் சரியா இருக்கு. வியாதி வெக்கை எதுவும் இல்லையே?”

“எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்,” என்று கையை நீட்டினாள்.

ஒரு படிவமும் உண்டு. நாலாவது கேள்வி: மாதவிடாய் வலி. இல்லை, சாதாரணம், கடுமை என்று மூன்று கட்டங்கள். அவள் யோசிக்கவே இல்லை. ‘சாதாரணம்’ என்ற கட்டத்தில் குறி போட்டாள். ரத்தத்தைச் சுழற்றித் தெளிய வைத்ததும், ட்யூபில் ‘நலமானவர் பதினேழு’ என்று சீட்டு ஒட்டி ஃப்ரீசரில் வைத்ததும் அவள் கையால்தான்.

இரண்டு மாதம் கழித்து நலமானவர்கள் வரிசையைத் தட்டில் போட்டாள். அமிலம் விட்டதும் வரிசைகள் வெளிர் மஞ்சளாக மாறின. எல்லாம் எதிர்பார்த்தபடி. ஒரே ஒரு ஜோடிக் குழி மட்டும் அடர்ந்த மஞ்சளில் நின்றது. ஒவ்வொரு மாதிரியையும் பிழைக்கு அஞ்சி இரண்டு குழியில் போடுவது வழக்கம். இரண்டுமே அடர்த்தி. எந்தக் குழி யாருடையது என்று குறித்த தாளில் விரல் வைத்துப் பார்த்தாள். பதினேழு.

அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, அவமானம். பதினாறு வருடத்தில் கை தவறிவிட்டதா? யாரிடமும் சொல்லாமல் மறுநாள் இன்னொரு தட்டு போட்டாள். அதே அடர்த்தி. புது மருந்துப் பெட்டி பிரித்து மூன்றாவது முறையும் போட்டாள். சமிக்ஞை மூலக்கூறுகளில் இன்டர்லூகின் ஆறு, இன்டர்லூகின் எட்டு என்று எண்ணிட்டவை இரண்டு. இரண்டுமே நோயாளிகள் வரிசையில் இருக்கவேண்டிய அளவில் நின்றன.

வாரக் கூட்டத்தில் மாணவி எண்களைத் திரையில் போட்டாள். பேராசிரியை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“பதினேழு ஏன் ஆகாயத்துல நிக்குது?”

“தெரியல மேடம். விட்டுரலாமா?”

“விட்டுரு. நலமானவங்க வரிசையில இப்படி ஒண்ணு ரெண்டு வரும். ரத்தம் கெட்டுப்போயிருக்கும். இல்லன்னா கைப்பிழை.”

அந்த வார்த்தை அவள்மேல் சுள்ளென்று விழுந்தது. கூட்டத்தில் அவள் வாய் திறந்ததே இல்லை. ஓரத்தில் உட்கார்ந்து குறிப்பெடுப்பாள், கேட்டால் பதில் சொல்வாள். அன்று எழுந்து நின்றாள்.

“கைப்பிழை இல்ல மேடம். மூணு தடவை போட்டேன். ரத்தமும் கெடல. அது என் ரத்தம்.”

பேராசிரியை மற்றவர்களைப் பார்த்து, “கொஞ்சம் வெளிய இருங்க,” என்றார். கதவு சாத்தியதும் படிவத்தை எடுத்துவரச் சொன்னார். படித்தார்.

“எண்ணை வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. சளி பிடிச்சாக்கூட இது ஏறும். அது உங்களுக்கே தெரியும்.”

“தெரியும் மேடம்.”

“வலி சாதாரணம்னு போட்டிருக்கீங்க.”

“ஆமா மேடம். சாதாரணம்தான்.”

“சாதாரணம்னா எப்படி? சொல்லுங்க.”

இருபத்தைந்து வருடத்தில் யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் குளியலறைத் தரையில் ஆரம்பித்தாள். வாயில் துண்டை வைத்துக் கடிப்பதைச் சொன்னாள், சத்தம் அக்கம்பக்கத்துக்குக் கேட்கக் கூடாதே என்று. மாத்திரைக் கணக்கைச் சொன்னாள். அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது கத்தியை உள்ளே வைத்துத் திருப்புவதுபோல் இருப்பதைச் சொன்னாள். கணவனோடு படுப்பதே பயமாகிப்போனதைப் பாதி சொல்லி நிறுத்தினாள். ஒரு பரிசோதனையின் செய்முறையைச் சொல்வதுபோல, வரிசையாக, நிதானமாகச் சொன்னாள். சொல்லி முடித்தபோது பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார்.

“இந்த வியாதியைப் பத்திப் பதினெட்டுக் கட்டுரை எழுதியிருக்கேன்,” என்றார். “நீங்க என் ரூமுக்குப் பத்தடி தள்ளி…” தொலைபேசியை எடுத்துத் தனக்குத் தெரிந்த அறுவை மருத்துவரை அழைத்தார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான் பிறகு. ஸ்கேன் எடுத்த பெண் வயிற்றை விட்டுவிட்டு முதுகுப் பக்கம் கருவியைக் கொண்டுபோனாள். அங்கேயே வெகுநேரம் நின்றாள். எழுந்துபோய் இன்னொருவரைக் கூட்டிவந்தாள். இருவரும் திரையைப் பார்த்தார்கள். அவள் அவர்கள் முகத்தைப் பார்த்தாள்.

அறுவை மருத்துவர் மெல்லப் பேசுகிறவர். மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் வரைந்து காட்டினார். கருப்பை, அதற்குப் பின்னால் குடல், இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக் கிடக்கின்றன. இடது சூலகம் அந்தக் கட்டிக்குள் சிக்கிவிட்டது. அதோடு நிற்கவில்லை. இடது சிறுநீரகத்திலிருந்து வருகிற குழாயைத் தழும்புச் சதை வெளியிலிருந்து சுற்றி நெரித்திருக்கிறது. நீர் இறங்க வழியில்லாமல் தேங்கித் தேங்கி, சிறுநீரகம் ஊதி, பிறகு சுருங்கிவிட்டது.

“அதை நேராக்க முடியுமா டாக்டர்?” என்று கணவன் கேட்டான். பழுதென்றால் நேராக்கலாம் என்று பழகியவன்.

“இல்லைங்க. அது போயிருச்சு. போய் ஒண்ணு ரெண்டு வருஷம் ஆகியிருக்கும். வலி காட்டாமலே போகும் அது.”

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “வலிக்க வேண்டியது, வேண்டாததுன்னு எல்லாம் வலிச்சுது டாக்டர். இது மட்டும் ஏன் வலிக்கல?” என்றாள்.

கேட்டதற்காக அவளே சற்று வெட்கப்பட்டாள்.

அறுவை ஐந்தரை மணி நேரம் நடந்தது. இடது சிறுநீரகம், இடது சூலகம், நான்கு விரற்கடை குடல். கருப்பையையும் வலது சூலகத்தையும் விட்டு வைத்தார்கள். வயது முப்பத்தொன்பதுதானே, பார்ப்போம் என்றார் மருத்துவர். அறுவைக்கு முந்தின நாள் மாணவி வந்திருந்தாள். கையில் ஒப்புதல் படிவம். அதை நீட்டவும் முடியாமல் ஒளிக்கவும் முடியாமல் நின்றாள். அறுவையின்போது வயிற்றுக்குள் இருக்கும் நீரை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்பதுதான் விஷயம்.

“குடு இப்படி,” என்று வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். “எடுத்த கையோட ஐஸ்ல வைக்கச் சொல்லு. போன தடவை அரை மணி நேரம் மேசை மேலயே கிடந்துச்சு.”

வார்டில் கூட இருந்தது அம்மா. மூன்றாம் நாள் காலை, செவிலி கட்டு மாற்றிவிட்டுப் போன பிறகு, அம்மா கட்டிலின் இரும்புக் கம்பியைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்த கம்பியையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

“அம்மா, போதும். பளபளன்னு இருக்கு.”

“எனக்கும் இருந்துச்சுடி,” என்றாள் அம்மா. அவளைப் பார்க்காமல் சொன்னாள். “உனக்கு இருந்தது எல்லாம் எனக்கும் இருந்துச்சு. துண்டைக் கடிக்கிறது, தரையில உருளுறது, எல்லாம். முப்பத்தாறு வயசுல கர்ப்பப்பையை எடுத்தாங்களே, உங்கிட்டக் கட்டின்னு சொன்னேனே. என்ன ஏதுன்னு எனக்கே யாரும் சொல்லல. எங்கம்மாவுக்கும் இருந்துச்சு. அதான் எல்லாருக்கும் இருக்கிறதுன்னு நெனச்சேன். பொய் சொல்லலடி. சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்.”

மகளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பாத்திரம் உருட்டிய அந்தச் சத்தமெல்லாம் என்னவென்று அப்போதுதான் புரிந்தது: உள்ளே மகள் முனகுவது தன் காதில் விழாமல் இருக்கத்தான் அம்மா உருட்டியிருக்கிறாள். அழலாம் என்று பார்த்தால் தையல் இழுத்தது. அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதாள்.

ஏழு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். முக்காலியில் ஒரு சிறு மெத்தை போட்டிருந்தார்கள். அறுவையில் எடுத்த அவளுடைய நீர், குறியீட்டு எண்ணோடு மற்றவர்களுடையதன் நடுவே ஃப்ரீசரில் இருந்தது. அந்தத் தொகுப்பை வேறு யாராவது போடட்டும் என்றார் பேராசிரியை. “வேண்டாம் மேடம். நானே போடுறேன். மத்தவங்க போட்டா மறுபடி போடணும்,” என்றாள்.

போட்டாள். தன் உடம்பில் அத்தனை பெரிய நாசம் செய்த குரல் எல்லோருடையதையும்விடப் பலமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. வயிற்று நீர் எடுத்திருந்த முப்பத்தொரு பேரில் பதினான்காவது. நடுவாந்திரம். முதலிடத்தில் இருந்த பெண்ணின் படிவத்தை எடுத்துப் பார்த்தாள். குழந்தை இல்லை என்று பரிசோதிக்க வந்தவள், வலி பெரிதாக இல்லை என்று எழுதியிருந்தாள். கடைசிக்குப் பக்கத்தில் இருந்தவளோ மூன்று முறை அறுவை செய்துகொண்டவள். எண்ணுக்கும் வலிக்கும் கணக்கு நேராகவில்லை. இதை அவள் கட்டுரைகளில் எத்தனையோ முறை தட்டச்சு செய்திருக்கிறாள். அன்று ஏனோ ஏமாந்தவள்போல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தன் வலிக்கு ஒரு சாட்சி கிடைக்கும் என்று நம்பியிருந்தாள். சாட்சி வந்து, எனக்கு ஒன்றும் தெரியாது என்று கைவிரித்துவிட்டது.

அந்த வாரம்தான் அவள் பேராசிரியையிடம் போய் நலமானவர்களின் படிவங்களைக் கேட்டாள். அறுபதில் அவள் போக இருபத்திரண்டு பேர் ‘சாதாரணம்’ என்று குறித்திருந்தார்கள்.

“இவங்களை மறுபடி கேக்கணும் மேடம். சாதாரணமான்னு கேக்கக் கூடாது. எத்தனை நாள் லீவு போட்டீங்க, எத்தனை மாத்திரை, நடக்க முடிஞ்சுதா, பாத்ரூம் போகும்போது வலிச்சுதா, இப்படிக் கேக்கணும்.”

“ஆய்வு பாதி தாண்டியாச்சு. நெறிமுறைக் குழு அனுமதி வாங்கணும். மாசக்கணக்குல ஆகும்.”

“எனக்குத் தெரியும். ஆனா நலமானவங்க வரிசையில என்னை மாதிரி இன்னும் எத்தனை பேர் நிக்கிறாங்களோ.”

பேராசிரியை மறுக்கவில்லை. அவர் மறுக்கக்கூடிய நிலையில் இல்லை. அனுமதி வர ஏழு மாதம் ஆனது. இருபத்திரண்டு பேரையும் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். ஐந்து பேர் அவளைப்போலவே பதில் சொல்லச் சொல்ல, எழுதிக்கொண்டிருந்த அவளுடைய பேனா நின்றது. அந்த ஐவரையும் வரிசையிலிருந்து விலக்கி, மருத்துவரைப் பார்க்கச் சொல்லி எழுதினார்கள். இரண்டு பேர் போனார்கள். மூன்று பேர் பதிலே போடவில்லை.

இதனால் மாணவியின் பட்டம் ஒரு வருடத்துக்கு மேல் தள்ளிப்போனது. வெளிநாட்டில் அவளுக்காகக் காத்திருந்த வேலை இன்னொருவருக்குப் போனது. அவள் ஒருநாள் மேசை அருகே வந்து நின்றாள். ஊசியோடு வந்த அதே பெண்தான். கண் சிவந்திருந்தது.

“உங்களுக்கு வந்ததுக்கு நான் என்னக்கா பண்ணேன்? ஒருத்தரை எடுத்துட்டு முடிச்சிருக்கலாமே. எல்லாத்தையும் கிளறணுமா?”

“தப்பா இருந்துச்சும்மா. தப்புன்னு தெரிஞ்சும் எப்படிப் போடுறது?”

“உங்களுக்குத் தப்பில்லாம இருக்கணும். எனக்கு வாழ்க்கை இருக்கணும்,” என்று சொல்லிவிட்டுப் போனாள். பிறகு படிப்பு முடியும்வரை இருவரும் வேலை சம்பந்தமாக மட்டும் பேசிக்கொண்டார்கள். மாணவி சொன்னதில் நியாயம் இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். தான் செய்ததிலும் இருந்தது. இரண்டு நியாயமும் ஒரே அறையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

கட்டுரை வெளிவந்தது. நோயுள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் இதை வைத்து ஒருத்திக்கு நோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. மேலும் ஆய்வு தேவை. அவ்வளவுதான். புது மருந்து வரவில்லை, ரத்தத்தைப் பார்த்துச் சொல்கிற பரிசோதனை வரவில்லை. கட்டுரையின் கடைசியில் சின்ன எழுத்தில் ஆய்வுக்கூட உதவியாளருக்கு நன்றி என்று இருந்தது.

அறுவை முடிந்து பதினாறு மாதத்தில் வலி திரும்பியது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கழுவும் கருவியின் முன்னால் நின்றிருந்தபோது, வலது பக்கம், பழைய இடத்துக்கு எதிர்ப்பக்கம். அதை அடையாளம் தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு நொடிகூடப் பிடிக்கவில்லை. கையிலிருந்த தட்டை மேசைமேல் பத்திரமாக வைத்தாள். ஒற்றைச் சிறுநீரகம் என்பதால் பழைய மாத்திரைகளைத் தொடக் கூடாது. சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

மருத்துவர் இரண்டு வழி சொன்னார். ஹார்மோன் மருந்து கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் வலது சிறுநீர்க் குழாயின் பக்கமும் ஏதோ தெரிகிறது, அந்தப் பக்கம்தான் மிச்சமிருக்கும் ஒரே சிறுநீரகம். இல்லையென்றால் கருப்பையையும் சூலகத்தையும் எடுத்துவிடலாம். எடுத்தாலும் முழுக்கத் தீரும் என்று உறுதி சொல்ல முடியாது, பெரும்பாலும் குறையும். யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

கணவனும் அவளும் வெளியே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எதிரே ஒரு லிஃப்ட் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் அவன் தலை பழக்கத்தில் அந்தப் பக்கம் திரும்பியது.

“எடுத்துரலாம்,” என்றாள்.

“ம்.”

“எடுத்துட்டா அவ்வளவுதான். அப்புறம் ஒண்ணும் இல்ல.”

“குழந்தை வேணும்னு நான் உங்கிட்ட எப்பவாவது கேட்டேனா?”

“கேக்கல. பதிமூணு வருஷமாக் கேக்கவே இல்ல நீங்க. அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. கேட்டிருந்தா ஒரு தடவையாவது சண்டை போட்டிருப்பேன்.”

அவன் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டான். என்ன கழுவினாலும் ரேகைகளில் கிரீஸ் கறுப்பு போகாத கைகள். “வேணும்னுதான் இருந்துச்சு,” என்றான் கடைசியில். “உன்னைத் தரையில பார்க்கிறப்பெல்லாம் எப்படிக் கேக்கிறது?”

பதிமூன்று வருடத்தில் அதைப் பற்றி அவர்கள் பேசியது அவ்வளவுதான். அவள் அவன் தோளில் சாய்ந்து அழுதாள். வரிசையில் காத்திருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டாள்.

இப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. வலி முக்கால்வாசி போய்விட்டது, கால்வாசி இருக்கிறது. சூலகம் இரண்டும் போனதால் குளிர்ந்த அறையிலும் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கிறது. முழங்கால் எலும்பு கிழவிக்கு வலிப்பதுபோல் வலிக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மிச்சமிருக்கும் சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனை. பேராசிரியை ஓய்வு பெற்ற பிறகு அந்த ஆய்வு நின்றுபோனது; ஃப்ரீசரை வேறு துறைக்குக் கொடுத்துவிட்டார்கள். அவளைக் குடிநீர்ப் பரிசோதனைப் பிரிவுக்கு மாற்றினார்கள். குழாய் நீர், கிணற்று நீர் என்று பாட்டில் பாட்டிலாக வருகிறது. முதல் நாள் அந்தப் பிரிவின் அதிகாரி, இதெல்லாம் சுலபமான வேலைதான், வேகமாகப் போடலாம் என்றார். அவள் தலையாட்டிவிட்டு, முக்காலியைத் தன் உயரத்துக்குச் சரிசெய்துகொண்டு, முதல் பாட்டிலின் சீட்டை இரண்டு முறை படித்தாள்.